இருபத்துநான்காவது வீடு

காலை பதினொன்று பத்துக்கு மாதங்கி தன் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

பழங்காநத்தத்தில் அம்மா ஸ்யாமளாவோடு குடியிருக்கிற வீட்டைச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு அது இருக்கிறது. இது கம்ப்யூட்டர் திரையில், ஆற்றோரமாகத் தனியே நின்ற ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் பித்தளைச் சொம்பு. சொம்பின் கழுத்தில் சிவப்புக் கயிறு.

மாதங்கியின் மேஜையில் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட். வேறு யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காகப் பதினோரு வருடமாக அவள் மாட்டி வைக்கிற அடையாளம்.

திரையைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். மறுபடியும் திரை.

தற்செயலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

திரையில் இருந்த பெண் திரும்பி, தன் வீட்டுக் கதவையே மூன்று முறை தட்டினாள். பிறகு உள்ளே போகாமல் வாசலுக்கே வந்து நின்றுகொண்டாள்.

மாதங்கி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கதவோ, மேஜையோ, புதிதாக வந்த மானிட்டரோ, எதையும் மூன்று முறை தட்டிப் பார்க்காமல் அவள் தொடமாட்டாள். ஆபீஸ் முழுக்கத் தெரிந்த பழக்கம் அது.

பேச்சு கொடுக்கிற பட்டனை அழுத்தினாள். அந்தப் பெண் பேசினாள். திரையின் அடியில் எழுத்து ஓடியது.

"நில். இதற்கு முன்னால் என்ன செய்தாய்?"

இனிமேல் தற்செயல் என்று சொல்ல வழியில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை மாதங்கி கேட்கிற கேள்வி இது. யாராவது "கேம் நின்னுபோச்சு" என்று ஓடி வந்தால் அவள் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான். இதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?

விளையாட்டில் தன்னைப் போல ஒரு பாத்திரம் வருவதற்கெல்லாம் இப்படிப் பயப்பட வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வீடு இருக்கிற ஊரின் பெயர் தெரிந்தால் தோன்றாது.

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் சுடர்மதி கைடு கம்பெனியின் மூன்று மாடிக் கட்டடம் வரும். கீழே கோடவுன். முதல் மாடியில் அச்சுக்கோப்பு, இரண்டாவதில் கணக்கும் டெஸ்பாட்ச்சும். மூன்றாவது மாடிதான் விளையாட்டுப் பிரிவு. பள்ளிக்கூட கைடு போடுகிற கம்பெனிக்கு இது எதற்கு என்றால், எல்லாம் ஒரு சிடியால் வந்த வினை. 2009-இல் பத்தாம் வகுப்பு கைடோடு ஒரு சிடியை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆற்றின் போக்கை விளக்குவதற்காகச் செய்த சின்ன விளையாட்டு. பையன்கள் கைடைக் கட்டில் அடியில் போட்டுவிட்டு சிடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் கடைக்காரர்கள் கைடு கேட்கவில்லை, 'ஏழு மதகு ரெண்டாம் பாகம் எப்ப வருது?' என்று கேட்டார்கள். முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

'ஏழு மதகு' அப்படித்தான் வளர்ந்தது. விளையாடுகிறவர்தான் மடைக்காவல்காரர். ஓர் ஆற்றின் நீளத்துக்கும் நடந்து, வழியில் இருக்கிற ஊர்களில் சண்டை தீர்த்து, திறமை சேர்த்து, ஏழு மதகுகளையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஒரு பாகத்தை முடிக்க இரண்டு மாதம் ஆகும். ஐந்து பாகம் வந்துவிட்டது. ஆறாவதைத்தான் இப்போது பதினான்கு பேர் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள். இதில் மாதங்கிதான் தலைமை டெஸ்டர். செய்து முடித்ததை எல்லாம் விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை.

அந்த ஆற்றங்கரையில், நாலாம் மதகுக்கும் ஐந்தாம் மதகுக்கும் நடுவில் ஓர் ஊர். விடைபெற்றான்பட்டி. விளையாடுகிறவர்களுக்கு அது வேடிக்கையான மனிதர்கள் இருக்கிற ஊர், அவ்வளவுதான். மூன்றாவது மாடிக்குத்தான் உண்மை தெரியும். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு வீடு கட்டுவார்கள். போகிறவரின் பேச்சு, பழக்கம், கோணங்கித்தனம் எல்லாவற்றையும் வைத்து ஓர் ஆளை உருவாக்கி அந்த வீட்டில் குடிவைப்பார்கள். முன்கூட்டியே அவருக்குச் சொல்லமாட்டார்கள். கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் ஒரே திரையின் முன்னால் கூடி அந்த வீட்டு வாசலில் விளக்கேற்றுவார்கள். தன் வீட்டைத் தானே எழுதக் கூடாது என்பது மட்டும் சட்டம்.

எதற்கும் ஆயத்தம் செய்துகொண்டே இருக்கிற முத்திருளன் அண்ணன் சிங்கப்பூர் போனார். விடைபெற்றான்பட்டியில் அவர் ஒரு பறையைக் காய்ச்சிக்கொண்டே இருப்பார், அடிக்கவே மாட்டார். அசோக்குமார் எப்போது பார்த்தாலும் மேஜைக்கடியில் செருப்பைத் தேடுவார். ஊரில் அவருக்கு வேலை, ஒற்றைச் செருப்பைத் தேடி அலைவது. அந்தச் செருப்பை எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆறு வருடமாக ஆயிரக்கணக்கான பேர் முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். செருப்பே கிடையாது.

மொத்தம் இருபத்துமூன்று வீடு. இருபத்துமூன்று விளக்கு.

இன்றைக்கு மாதங்கி கண்டது இருபத்துநான்காவது. வாசலில் விளக்கு இல்லை.

அப்படியென்றால் வீடு தயார். நாள் மட்டும் குறிக்கவில்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். யோசிக்க நேரமும் இல்லை. ஏனென்றால் அவளிடம் இன்னொரு ரகசியம் இருந்தது. சென்னையில் பெரிய கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. 'வருகிறேன்' என்றோ 'வரவில்லை' என்றோ இன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஆபீசில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. காலையில் பழங்காநத்தத்தில் பஸ் ஏறும்போது 'வரவில்லை' என்று எழுதிவிடலாம் என்றுதான் முக்கால்வாசி முடிவு செய்திருந்தாள்.

இங்கேயே இவர்கள் அவளை அனுப்பப் போகிறார்கள் என்றால் அந்த முக்கால்வாசிக்கு என்ன அர்த்தம்?

அந்தப் பெண்ணிடம் மறுபடி பேச்சு கொடுத்தாள். மொத்தமே நான்கு வரிதான் அவளுக்கு.

"நில். இதற்கு முன்னால் என்ன செய்தாய்?"

"அப்படியா? திரும்பச் செய். நான் பார்க்கிறேன்."

"இந்தப் பாலத்தில் மூன்றாவது பலகை சரியில்லை. நான் அப்போதே சொன்னேன்."

"போய் வா. எதையும் உடைக்காமல் போ."

வீட்டைக் கண்டதைவிட இந்த வரிகள்தான் அவளைச் சுருக்கென்று தைத்தன. பதினோரு வருடம் கூடவே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் கண்ணுக்கு இவ்வளவுதானா? குறை சொல்கிற பொம்பளை. பாலத்து ஓரத்தில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் 'அப்போதே சொன்னேன்' என்கிறவள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. படம் வரைகிற திவ்யா புளியோதரையை விரல் நுனியால் கலைத்துக்கொண்டிருந்தாள். மாதங்கி எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"திவ்யா, ஆத்தங்கரையில ஓட்டு வீடு ஒண்ணு இருக்கே. நீ போட்டதா?"

திவ்யாவின் விரல் நின்றது. "எந்த வீடுக்கா?"

"ரெண்டு ஜன்னல் வச்சது."

"அக்கா, இன்னிக்கு வெயில் என்னமா அடிக்குது பாத்தீங்களா..."

"திவ்யா."

"சொல்லக் கூடாதுன்னு சொக்கநாதன் சார் சொல்லிருக்காருக்கா."

"யாருகிட்ட சொல்லக் கூடாது?"

திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்ககிட்டதான்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். திவ்யாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஜன்னல் மட்டும் என் ஐடியாக்கா. நீங்க வேன்ல போனாக்கூட ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவீங்கல்ல? அதான் ரெண்டாப் போட்டுட்டேன்."

"அந்த 'அப்போதே சொன்னேன்' யாரு எழுதினது? நான் எப்படி அப்படிச் சொல்லுவேன்?"

"காலைல கூட லிஃப்ட்டுக்குள்ள நின்னு சொன்னீங்களேக்கா."

மாதங்கி டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு அழகுபாண்டியிடம் போனாள். திருமங்கலத்துக்கு மேற்கே சொந்தமாகத் தோட்டம் இருக்கிற குடும்பம். தினமும் பைக்கில் வந்து போகிறவன். எல்லாரும் தனித்தனியாகச் செய்கிற வேலையை ஒன்றாகச் சேர்த்து, விளையாடக்கூடிய ஒரே தொகுப்பாக்குவது அவன் பொறுப்பு. அதற்கு ஆபீசில் பில்ட் என்று பெயர். இன்றைக்கு ஆறு மணிக்கு ஒரு பில்ட் வெளியே போக வேண்டும். முதல் பாகத்திலிருந்து கூடவே வருகிற பழைய ஆட்டக்காரர்கள் இரண்டாயிரம் பேருக்கு, நாலாம் மதகிலிருந்து தொடங்குகிற முன்னோட்டம்.

"அழகு, நேத்து பில்டுல என்னென்ன சேத்த?"

"எல்லாம் வழக்கம்போலத்தாக்கா."

"சாரோட தனி ஃபோல்டரையும் இழுத்துட்டியா?"

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். திரையில் எதையோ தேடினான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆத்தாடி. சேந்துருச்சா?"

"சேந்துருச்சு. நான் அதுகூடப் பேசிட்டு வாரேன்."

"அக்கா, சத்தியமா வேணும்னு செய்யல. அம்புட்டு ஃபோல்டர் கெடக்கு, ஒண்ணோட ஒண்ணு..." அவன் குரலைத் தாழ்த்தினான். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கக்கா. மூணு வாரமா எங்களுக்கே சரியா வேலை ஓடல. உங்க முகத்தப் பாத்தாலே ஒரு மாதிரியா இருக்கு."

"மூணு வாரமா தெரியுமா உங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியுமேக்கா. கீழ டெஸ்பாட்ச் மொக்கையன் அண்ணே வரைக்கும் தெரியும்."

மாதங்கி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த அழகுபாண்டி தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான்.

ஆக, டெஸ்பாட்ச்சில் பார்சல் கட்டுகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தெரியாதது அவள் ஒருத்திக்குத்தான்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்து மெயிலைத் திறந்தாள். 'தங்கள் அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்' என்று எழுதினாள். அனுப்பவில்லை. மணி மூன்று ஐம்பது. அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது.

கோபம் வேறு, வேலை வேறு. ஆட்டத்தில் இருக்கக் கூடாத ஒன்று வெளியே போகிற பில்டில் இருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டு எழுதாமல் போனால் அவள் டெஸ்டரே இல்லை. கோளாறைப் பதிகிற சீட்டைத் திறந்தாள். ஆபீஸில் அதைப் பக் என்பார்கள். அதில் மூன்று கட்டம்.

செய்தது: நாலாம் மதகைத் தாண்டி விடைபெற்றான்பட்டிக்குள் நடந்தேன்.

கண்டது: ஆற்றோரம் இருபத்துநான்காவது வீடு. குடியிருப்பவள் ஒருத்தி. விளக்கு இல்லை.

இருக்க வேண்டியது:

இங்கே விரல் நின்றுவிட்டது. பதினோரு வருடத்தில் சுமார் பதினையாயிரம் சீட்டு எழுதியிருப்பாள். மூன்றாவது கட்டத்தில் அவள் யோசித்து நின்றதே கிடையாது. கதவு திறக்க வேண்டும். மழை நிற்க வேண்டும். குதிரை ஆகாயத்தில் நடக்கக் கூடாது. என்ன இருக்க வேண்டும் என்பது எப்போதும் தெரிந்துதான் இருந்தது.

கடைசியில் எழுதினாள்: இந்த வீடு இங்கே இருக்கக் கூடாது.

சிவப்பு என்று குறித்தாள். சிவப்புச் சீட்டு ஒன்று திறந்திருந்தால் பில்ட் வெளியே போக முடியாது. எழுதினவர்தான் அதை மூடவும் வேண்டும், முதலாளியே வந்தாலும் முடியாது. சீட்டைப் பிரிவுத் தலைவர் சொக்கநாதன் பெயருக்கு அனுப்பினாள்.

மூன்றாவது மாடி முழுக்க 'டிங்' என்று ஒரே சத்தம். பதிமூன்று திரையிலும் ஒரே நேரத்தில் சிவப்புப் புள்ளி வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே எல்லாரும் படித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம்.

சொக்கநாதனுக்கு ஆபீசில் நிதானம் சார் என்று பெயர். மாடிப்படியில்கூட ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார். எதையும் திரையில் படிக்கமாட்டார். பிரிண்ட் எடுத்து, பென்சிலைச் சீவிக்கொண்டுதான் உட்காருவார். அவள் சீட்டையும் பிரிண்ட் எடுத்திருந்தார். அவள் உள்ளே நுழைந்தபோது அது மேஜை மேல் இருந்தது. மணி நாலு இருபது.

"உக்காரும்மா."

"நிக்கிறேன் சார்."

"சிவப்பு போட்டிருக்க."

"ஆமா சார்."

"இந்த வீடு இருக்கக் கூடாதுன்னு எழுதிருக்க. ஏன்னு எழுதலையே. வழக்கமா காரணம் எழுதுவியே நீ."

"என்னை அனுப்புறதுன்னா நேரா கூப்பிட்டு அனுப்புங்க சார். மொக்கையன் அண்ணனுக்கெல்லாம் சொல்லிட்டு, எனக்கு மட்டும் வீடு கட்டி வச்சுத் தெரியப்படுத்துவீங்களா?"

சொக்கநாதன் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்தது பதற்றம் இல்லை, குழப்பம்.

"யாரை யாரு அனுப்புறது?"

"என்னைத்தான். நீங்கதான்."

"நீ போறேன்னுல்ல நாங்க வீடு கட்டினோம்?"

மாதங்கி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போறேன்னு யாரு சார் சொன்னது?"

"சென்னையிலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. மூணு வாரம் இருக்கும். உங்க கிட்ட வேலை பாக்குற மாதங்கி எங்ககிட்ட மனு போட்டிருக்காங்க, ஆள் எப்படின்னு கேட்டாங்க."

மாதங்கி மெதுவாக உட்கார்ந்தாள். மனுவில், உங்களைப் பற்றி விசாரிக்க ஒருவர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் போட்டிருந்தாள். போடுவதற்கு வேறு யாரும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்கள் முதலிலேயே கேட்டுவிட்டார்கள்.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். இவளை விட்டா வேற ஆள் கிடைக்காதுன்னு சொன்னேன். போனை வச்சதுக்கப்புறம்தான், இப்படியா சொல்லி அனுப்பி வைப்போம்னு தோணுச்சு."

"அப்பவே என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ மனு போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்து முடிக்கும்வரை சொக்கநாதன் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"போறவளுக்குச் சொல்லாம வீடு கட்டுறதுதான வழக்கம்" என்றார் அவர். "நீயா வந்து சொல்லுவ, அன்னிக்கு விளக்கேத்துவோம்னு இருந்தோம். நீ வரவே இல்ல. சரி, சொல்ல மனசு வரல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நான் ஏன் மனு போட்டேன்னு தெரியுமா சார்?"

"தெரியல."

"ஆறாம் பாகத்துல ஆத்தோரக் கதைக்கு எழுத ஆள் பத்தலன்னு மீட்டிங்ல சொன்னீங்க. நான் பன்னெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். எனக்கு டெஸ்டிங் போதும் சார், எழுதணும்னு சொல்லித்தான் குடுத்தேன். ஒரு மாசம். நல்லா இருக்கு, இல்ல, ஒண்ணும் இல்ல. குப்பையில போட்டுட்டீங்கன்னு முடிவு பண்ணித்தான்..."

சொக்கநாதன் மேஜை டிராயரை இழுத்தார். கிளிப் போட்ட தாள்களை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுதிய பன்னிரண்டு பக்கம். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. 'இது நல்லா இருக்கு.' 'இந்த ஓடக்காரன் யாரு? இன்னும் வேணும்.' 'இங்க சிரிச்சுட்டேன்.' ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் குறிப்பு நின்றுபோயிருந்தது.

"அந்த எடத்துலதான் போன் வந்துச்சு" என்றார். "அதுக்கப்புறம் படிக்கல. போறவ கதைய வச்சு நான் என்ன பண்றது?"

மாதங்கி ஒன்பதாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அழகுபாண்டி இரண்டு முறை குறுக்கே நடந்துவிட்டுப் போனான்.

"அதுக்காக, குறை சொல்றவளா எழுதிருவீங்களா என்னை?" அவள் குரல் இப்போது இறங்கியிருந்தது. "நாலு வரி. நாலும் தப்பு."

"நாலா?" சொக்கநாதன் நிமிர்ந்தார். "நான் அஞ்சு எழுதினேனே."

"நாலுதான் சார் வந்துச்சு. மூணு தடவை பேச்சு கொடுத்துப் பாத்தேன்."

"மூணாவது பலகையில ஏறிப் பாத்தியா?"

மாதங்கி மேஜை மேல் இருந்த சீட்டைப் பார்த்தாள்.

ஏறவில்லை.

பாலத்தில் ஒரு பலகை சரியில்லை என்று ஆட்டமே அவளிடம் சொல்லியிருக்கிறது. வேறு எந்தப் பலகையாக இருந்தாலும் ஏறியிருப்பாள். ஓடி ஏறியிருப்பாள், குதித்திருப்பாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பாள், மழையில் ஏறியிருப்பாள். முதல்முறையாக ஒன்றைச் சோதிக்காமலே சிவப்புச் சீட்டு எழுதியிருந்தாள். டெஸ்டிங்கில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் அப்படிச் செய்தால் அவள் நாள் முழுக்கத் திட்டுவாள்.

"இதுக்கு முன்னாடி என்ன பண்ணேன்னு நான்தான் உன்னைக் கேக்கணும் போல" என்றார் சொக்கநாதன்.

அவர் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரிலேயே பில்டைத் திறந்தாள். ஊர், ஆற்றோரம், வீடு. பாலத்தில் கால் வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது பலகை 'மடார்' என்று முறிந்தது. மடைக்காவல்காரர் ஆற்றில் விழுந்தார். திரை முழுக்கத் தண்ணீர். உருண்டு புரண்டு போனதில், எந்தக் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பிறகு வெளிச்சம் வந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இவர் தோளைப் பிடித்திருந்தாள். சொம்பு கரையில் கிடந்தது.

"சொன்னேன் அல்லவா? சரி, எழுந்திரு. ஈரம் காயட்டும். உள்ளே வா."

கதவு திறந்தது. உள்ளே வெறும் இருட்டு. சுவர்கூட வரையவில்லை.

மாதங்கி கொஞ்ச நேரம் அந்த இருட்டைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பலகைய உடைக்கிறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு" என்றார் சொக்கநாதன், ஏதோ கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி. "நீ சொன்னது சரின்னு ஆகணும்ல? பலகை நல்லா இருந்துச்சுன்னா நீ சும்மா குறை சொல்றவளாப் போயிருவ. உடையணும். உடையும்போது நீ பக்கத்துல இருக்கணும். அதுவரைக்கும் எழுத வந்துருச்சு."

"உள்ள ஏன் சார் ஒண்ணும் இல்ல?"

"தெரியலம்மா. உன் வீட்டுக்குள்ள என்ன இருக்கும்னு எம்புட்டு யோசிச்சும் பிடிபடல. பதினோரு வருஷம் எதுத்தாப்புல உக்காந்திருக்க. பாட்டில்தான் தெரியுது."

அவள் சிரித்துவிட்டாள். இந்தத் தடவை அழகுபாண்டி ஓடிப்போகிற சிரிப்பு இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நாற்பத்தொன்பது.

"சார், அந்த வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நான் எழுதுறேன்."

"தன் வீட்டைத் தானே எழுதக் கூடாதும்மா. இருபத்துமூணு பேருக்கு இல்லாத சலுகை உனக்கு மட்டுமா?"

"அது என் வீடு இல்ல சார். எனக்கு எதுக்கு அங்க வீடு? வேற எவளோ இருக்கா. அவ யாருன்னு நான் யோசிச்சுக்கிறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா எழுதுறேன்னா எழுத மட்டுந்தான் செய்வேன். டெஸ்டிங்குக்குப் புது ஆள் பாருங்க. ஆள் கிடைக்கிற வரைக்கும் ரெண்டையும் பாக்குறேன். அதுக்கப்புறம் ஆத்தோரக் கதை என்னோடது. இதை நீங்க ஒரு தாள்ல எழுதித் தாங்க. டிராயருக்குள்ள வைக்கக் கூடாது."

சொக்கநாதன் பென்சிலை எடுத்து வழக்கமான வேகத்தில் எழுதத் தொடங்கினார். நிதானம் சார் நிதானமாகத்தான் எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் யோசித்தார். நாலு ஐம்பத்துமூன்று. கடைசி வரியில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தினார். நாலு ஐம்பத்தாறு. அவர் கையெழுத்துப் போடுவதற்குள் மாதங்கி பொறுக்க முடியாமல் மேஜையை மூன்று முறை தட்டினாள்.

தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தாள். ஓடவில்லை, ஆனால் திவ்யா நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டாள். மெயில் அப்படியே திறந்திருந்தது. 'தங்கள் அழைப்பை மகிழ்ச்சியோடு' வரை விட்டுவிட்டு மீதியை அழித்தாள். பிறகு அதையும் அழித்தாள். 'தங்கள் அழைப்புக்கு நன்றி. நான் இங்கேயே இருக்கிறேன்' என்று எழுதி அனுப்பினாள். நாலு ஐம்பத்தெட்டு.

அழகுபாண்டி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆறு மணிக்கு பில்ட் போகணும். சிவப்பு ஒண்ணு திறந்து கெடக்கு. அந்த வீட்டத் தூக்கிறவா?"

"இப்ப தூக்கினா வேற என்னென்ன உடையும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "பாலம் போகும். பாலம் போச்சுன்னா அஞ்சாம் மதகுக்கு வழி கிடையாது. அதச் சரி பண்ணி முடிக்கக் காலைல ஆவும்க்கா."

"அப்ப இருக்கட்டும்."

அவள் சீட்டைத் திறந்தாள். சிவப்பை மஞ்சளாக்கினாள். மூன்றாவது கட்டத்தில் எழுதியிருந்ததை அழித்தாள். மஞ்சள் சீட்டு என்றால் பில்ட் போகலாம், ஆனால் இன்னும் சரியாகாதவை என்ற பட்டியலில் அதைப் பற்றி விளையாடுகிறவர்களுக்கு ஒரு வரி சொல்லியாக வேண்டும். அந்த வரியை எழுதுவதும் இத்தனை வருடமாக அவள் வேலைதான். 'இரண்டாம் ஊரில் மாடு சில சமயம் சுவருக்குள் நுழையும்' என்கிற மாதிரி வரிகள்.

திவ்யா, அழகுபாண்டி, பின்னால் இன்னும் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதங்கி தண்ணீர் குடித்தாள். ரப்பர் பேண்டைச் சரி செய்துவிட்டுத் தட்டினாள்.

'விடைபெற்றான்பட்டி ஆற்றோர வீடு: கதவு திறக்கும், உள்ளே இருட்டாக இருக்கும். இந்த வீட்டுக்காரி ஊரை விட்டுப் போனவள் அல்ல, புதிதாக வந்தவள். சாமான்கள் இன்னும் வந்து சேரவில்லை. பாலத்தில் மூன்றாவது பலகை உடைவது பழுது அல்ல.'

"அக்கா, கடைசி வரி எதுக்கு?" என்றாள் திவ்யா. "சொல்லிட்டீங்கன்னா யாரும் ஏறமாட்டாங்களே?"

"சொன்னாத்தான் ஏறுவாங்க" என்றாள் மாதங்கி.

ஆறு மணிக்கு பில்ட் போனது. ஆறு ஏழுக்கு, திண்டுக்கல்லிலிருந்து ஒரு பழைய ஆட்டக்காரர் முதல் சீட்டை எழுதினார். செய்தது: மூன்றாவது பலகையில் ஏறினேன்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.